ஐந்து நிமிடம் மீதி

சாட்ஸ்வொர்த், யூனிட் ஐந்து.
மேட்டில் ஏழு அறை, ஒரே அடுப்பங்கரை.
குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது;
யாராவது விழுந்தால் உடைக்க வேண்டாமே என்று
நாங்களே கழற்றினோம்.

உதவித்தொகை வருகிற நாளில்
ஆளுக்கு முந்நூற்றைம்பது ராண்ட்
பிஸ்கட் டின்னில் விழும்.
கடலோர இல்லத்தில் ஒன்பதாயிரம் கேட்டார்கள்,
மீன் தொட்டி, ஞாயிறு பஜனை எல்லாம் சேர்த்து.
எங்கள் டின்னுக்கு வருவது நோமூசா மட்டும்.
உம்லாசியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி
காலை ஏழுக்கு வந்து பத்துக்குப் போவாள்.
ஞாயிறு கிடையாது.

மூன்று மணி என்றால் நூற்றெண்பது நிமிடம்.
ஏழால் வகுத்தேன்.
ஆளுக்கு இருபத்தைந்து,
மீதி ஐந்து.

கணக்கு என் கைக்கு வந்தது சும்மா இல்லை.
ஜேக்கப்ஸ் தையல் ஆலையில் முப்பத்தொரு வருஷம்
காலர் தைத்தவள் நான்.
ஒரு காலருக்கு நாற்பத்திரண்டு நொடி.
பின்னால் ஒருவன் கடிகாரத்தோடு நிற்பான்,
தும்மினால்கூட அவன் அட்டையில் ஏறும்.
இப்போது அட்டை என்னிடம்.

குளியல், பதினெட்டு.
நகம் வெட்ட ஒன்பது; டாலி பிள்ளையின் கால் நகத்துக்குப் பன்னிரண்டு.
மாத்திரைப் பெட்டிக்கு நாலு.
சின்னி கவெண்டருக்கு மட்டும் பதினொன்று,
ஒவ்வொன்றும் எதற்கென்று கேட்டுத்தான் விழுங்குவாள்,
நாளைக்கும் கேட்பாள்.

கிஸ்டன் படையாச்சிக்கு யார் கையும் ஆகாது.
"என் முதுகை நானே தேய்ப்பேன்."
தன் இருபத்தைந்தை அவர்
டாலிக்கு விற்றுக்கொண்டிருந்தது
மூன்று மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது.
விலை: வாரம் ஒரு டப்பா ஆட்டுக்கறி.
கூட்டம் போட்டோம். கத்தினோம்.
நிமிடத்தைக் கொடுக்கலாம், விற்கக் கூடாது.
அன்றிரவே கறி வாசம் வந்தது.
நான் எழுதவில்லை.

அந்த மீதி ஐந்துக்குத்தான் பெரிய சண்டை.
சாமுவேல் சங்கீதம் ஒன்று வாசிக்கச் சொன்னார்.
படையாச்சிக்கு ரேடியோ கம்பி.
மஹாராஜ் அம்மா வாயைத் திறக்காமல்
துளசித் தொட்டியையே பார்த்தாள்.
கை தூக்கி, நாலுக்கு மூன்று,
நோமூசா உட்கார்ந்து டீ குடிக்க என்று ஆனது.
சொன்னதும் சிரித்தாள்.
"ஐந்து நிமிடமா? சுடுமே, மா."

பிறகு சாமுவேலுக்கு வலப்பக்கம் விழுந்தது.
இருபத்தைந்து எந்த மூலைக்கு?
என்னுடையதைத் தூக்கி அவருக்கு எழுதினேன்.
எழுதும்போது பெருமையாக இருந்தது,
பொய் சொல்வானேன்.
என் பெயருக்கு நேரே எட்டு மாதமாகச் சுழியம்.
எல்லார் கண்ணிலும் படட்டும் என்றுதான்
நோட்டை அடுப்பங்கரை ஆணியில் தொங்கவிட்டேன்.

ஜூலைக் குளிர். மின்சாரம் இல்லை.
கிளினிக் வேன் ஒன்பதரைக்கு.
ரவிக்கையின் இரண்டு கொக்கி மாட்டியாயிற்று,
மூன்றாவது வரவில்லை.
எத்தனை ஆயிரம் காலர் பார்த்த விரல்கள்,
மரக்கட்டை மாதிரி நின்றன.
சால்வையை இழுத்துப் போர்த்தி
நூறு எண்ணினேன். இன்னொரு நூறு.

அடுப்பங்கரையில் அவள் அப்போதுதான் உட்கார்ந்திருந்தாள்.
கேஸில் போட்ட டீ, ஆவியோடு.
நான் நோட்டைப் பார்த்தேன்.
அவள் சால்வையைப் பார்த்தாள்.
"சன்னல் பக்கம் திரும்பு, மா."
கோப்பையைப் பிடித்திருந்த கை,
என் கழுத்தடியில் அதே சூடு.
மூன்று கொக்கி.
நாற்பத்திரண்டு நொடி ஆகவில்லை.
எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது.

டீயை ஒரே மடக்கில் விட்டுக்கொண்டு
சாமுவேலிடம் போய்விட்டாள்.

எங்கே எழுதுவது?
என் சுழியத்தை நானே அழிக்க வேண்டும்.
அவளிடமிருந்து எடுத்ததாக எழுதலாமென்றால்
நோட்டில் அவளுக்குப் பெயரே இல்லை;
"டீ" என்று ஒரு கட்டம், அவ்வளவுதான்.

பென்சிலை நாக்கில் தொட்டு
அதை அடித்தேன். நோமூசா என்று எழுதினேன்.
குடும்பப் பெயர் தெரியவில்லை.
ஆறு வருஷம்.
கேட்க வேண்டும்.

கீழே: அம்பிகாய் தர வேண்டியது, ஒரு நிமிடம்.
நொடிகளை மேலே தள்ளி முழுசாக்கினேன்.
ஆலையில் எப்போதும்
கீழேதான் தள்ளுவார்கள்.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான்.