கழிவு

எங்கள் கம்பெனிக்கு விமானம் ஒன்றரை.
ஒன்று காசல்ரீ நீரில் மிதக்கிறது.
அரை, ரத்மலானையில்
உதிரிப்பாகமாகக் கழன்றுகொண்டிருக்கிறது.

பயணிகளை நிறுப்பது பெரிய மதினி,
மூடிப்போன ஸ்டோரில் ஏலத்தில் எடுத்த
கொழுந்துத் தராசில்.
"பேக்கோட ஏறுங்க. சப்பாத்து இருக்கட்டும்."
கொழும்பு டொக்டர்
வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார்.
மதினி சிரிக்கவில்லை.

பதினெட்டு வருசம் இதே தராசில்
ஈரத்துக்கு, சாக்குக்கு,
கணக்கப்பிள்ளையின் பெருவிரலுக்கு என்று
தினமும் மூன்று கிலோ போனது அவளுக்கு.

ரேடியோவில் அண்ணன்: "மொத்தம் எவ்வளவு?"
பனி விலகி அக்கரை லயம் தெரிகிறது.
"அறுநூத்திப் பதினொண்ணு.
ஒரு கிலோகூடக் கழிக்கல."

மிதவைகள் ஈரம் சொட்டச் சொட்ட
எழும்பிப் போனபின்
தராசில் தானே ஏறி
முள் ஆடி நிற்கும்வரை
குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்.