ஒரு நெல் இடப்பக்கம்

லாங்கு பஜாரில் பித்தளைக் கடை மாடியில்
ஆறடிக்கு நாலடி, என் கடை.
ஃபேன் போட்டால் திருகாணி பறக்கும்.
கத்திரி வெயிலிலும் போடுவதில்லை.

தில்ஷாத் அதைக் கைக்குட்டையில் சுற்றி
டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து எடுத்தாள்.
புத்தகம்போல் திறக்கும் கேம் பெட்டி.
மேல் கண்ணாடி பார்க்க மட்டும்,
கீழ்க் கண்ணாடி தொட.
சிலுவை பட்டன் ஒன்று, வட்டம் நாலு, தோளில் ரெண்டு.
"அதெல்லாம் தெரியாது. நான் குச்சியிலயே ஆடிடுவேன்."
குச்சியும் அதனுடையது இல்லை.
தோலில் அளவுக் கோடு போடும் வெள்ளிப் பேனாவின்
தீர்ந்துபோன ரீஃபில்.

மேல்விஷாரம் ஷூ கம்பெனியில் அப்பர் ஒட்டுகிறாள்.
விரல் நுனியெல்லாம் சொல்யூஷன் காய்ந்து மினுங்கும்.
நம்பர் பதியச் சொல்லி என் போனை நீட்டினேன்.
மூன்று முறை தொட்டாள்,
விரல் என்றே அது ஒப்புக்கொள்ளவில்லை.
இந்தப் பழைய கண்ணாடி அப்படியில்லை.
யார், எவர் கேட்காது.
நகமோ ரீஃபிலோ, அழுத்தினால் போதும்.

கீழ் மூலை செத்திருந்தது.
சூடு காட்டி, பசை இளக்கி, பழைய தகடை உரித்தேன்.
வெளிச்சத்தில் பிடித்தால் கீறல், கீறல்,
ஒரே இடத்தில் ஆயிரம் வளைவு.
பட்டன்கள் வரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி எல்லாமே.
அப்போது அதை யோசிக்கவில்லை.
குப்பை டப்பாவில் போட்டேன்.

புதுத் தகடு. மைக்கில் ஊதினேன்,
வறுத்த கடலைத் தோலை ஊதுவதுபோல.
உள்ளே மெழுகுவத்தி அணைந்தது. சரி.
மூடினால் தூங்குகிறதா? தூங்கியது.
கடைசியில் அளவு திருத்தம்:
மூலையில் ஒரு கூட்டல் குறி வரும்,
நடுவில் தொடு என்னும்.
தொட்டேன். எதிர் மூலையிலும் தொட்டேன்.
குண்டூசி முனை பிசகாமல்.

ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்தாள்.
"என்ன பண்ணி வச்சீங்க இத?"
கேக் கடை ஆட்டம். நாற்பத்தோராவது நாளாம்.
கிரீம் எல்லாம் தட்டுக்கு வெளியே விழுகிறதாம்,
கஸ்டமர் முகம் சுளித்துப் போகிறார்களாம்.
இங்கே தொட்டேன், இங்கேயே விழுந்தது.
"பாரும்மா, துல்லியம்."
என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.
"இங்க தொட்டா அங்கதானே விழணும்?"

ரியாத்திலிருந்து வந்த யாரோ விற்றது, அறுநூறு ரூபாய்க்கு.
வாங்கிய நாள் முதல் ஒரு நெல் விலகல்.
கோணல் என்று யாரும் சொல்லாததால்
கை அதை வழி என்று எடுத்துக்கொண்டது.
கஸ்பாவில் கம்பெனி வேன் ஏறி
ரத்தினகிரி தாண்டும்வரை,
பாதித் தூக்கத்தில், குழிக்குக் குழி குலுக்கலில்,
செர்ரிப் பழத்தை உச்சியில் வைக்கும் கை.
அதைத்தான் நான் ஒரே மாலையில்
ரிப்பேர் செய்திருந்தேன்.

டப்பாவைக் கிளறிப் பழைய தகடை எடுத்தேன்.
புதுசின்மேல் வைத்துப் பார்த்தேன்.
கீறல்கள் சொன்ன தூரம் ஒரு நெல். முழு நெல்கூட இல்லை,
நொய்.
திருத்தப் பக்கத்தைத் திறந்தேன்.
நடுவில் தொடு என்றது.
இருபது வருஷத் தொழிலில் முதல் தடவை
தெரிந்தே இடப்பக்கம் தொட்டேன்.
எதிர் மூலையிலும்.
ஏற்றுக்கொண்டது, மறுபேச்சில்லாமல்.

நின்றபடியே ஒரு கேக் முடித்தாள்.
"ம். இப்பதான் நேரா இருக்கு."

பில் புக்கில் என்ன எழுத?
பழுது நீக்கம் என்று போன வாரமே எழுதிவிட்டேன்.
பழுது வைத்ததற்குக் கூலி கேட்கக் கூச்சம்.
அவளோ ஐம்பது ரூபாயை மேஜைமேல் வைத்து,
காற்றில் பறக்காமலிருக்க
என் ஸ்க்ரூ டிரைவரை அதன்மேல் வைத்தாள்.
ஃபேன் ஓடவில்லை என்று
சொல்லியிருக்கலாம்.