பன்மை

மரின்யா க்ராண்டெயில், கண்ணாடி ஆலைக்கு வெளியே
டயர்களுக்குக் கல் அண்டக்கொடுத்து
எங்கள் வேனை நிறுத்தியிருக்கிறோம்.
உள்ளே ஒரு நாற்காலி, தடித்த கதவு, ஒரு பொத்தான்.
சத்தம் கேட்டால் அழுத்துங்கள், தியோலிந்தா,
எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும்.

அழுத்துகிறாள்.
நான் எதையும் அனுப்பாதபோதும் அழுத்துகிறாள்.
என் கை அசைவதைச்
சின்ன சன்னல் வழியே பார்த்துப் பார்த்து அழுத்துகிறாள்.

நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
நாலாயிரம் ஹெர்ட்ஸில் கோடு
படிக்கட்டில் கால் தவறியவனைப் போல விழுந்தது.
எட்டாயிரத்தில் கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தது.
இரண்டு காதும். இருபத்திரண்டு வருஷம்.

"எழுதிவிடாதே. அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.
இரவுப்படி போய்விடும்."

மஞ்சள் அடைப்பான்கள் அவளிடம் இருக்கின்றன,
மேலங்கிப் பையில்,
சாவியோடும் ஒரு புளிப்பு மிட்டாயோடும்.
ஏன் போடுவதில்லை?
"விரிசல் விட்ட பாட்டில் வேறு மாதிரி சிணுங்கும்.
நிமிஷத்துக்கு முந்நூறு ஓடுகிற பெல்ட்டில்
அந்த ஒன்றைக் காதால் பிடிப்பவள் நான்."
கொஞ்சம் பொறுத்து,
"பிடித்துக்கொண்டிருந்தவள்."

இந்த ஊர்ப் பேச்சில் பன்மை என்பது
சொல்லின் வாலில் ஒரு மெல்லிய 'ஷ்'.
முதலில் போவது அதுதான்.
போன ஞாயிறு தங்கை போனில் சொல்லியிருக்கிறாள்,
பையன்களோடு வருகிறேன் என்று.
இவள் ஒரே ஒரு க்ரீம் பன் வாங்கி வைத்தாள்.
வாசலில் இரண்டு பேர்.
சின்னவன் ஒன்றும் கேட்கவில்லையாம்.
அதைச் சொல்லும்போதுதான் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெல்ட்டுக்கு மூடி போடுங்கள்,
பாட்டில்கள் முட்டிக்கொள்ளும் வளைவில் ரப்பர் ஒட்டுங்கள்
என்று மூன்று வருஷமாக அறிக்கை தருகிறேன்.
மேலாளர் அபீலியோ நல்ல மனிதர், காபி தருவார்.
காதில் போட்டுக்கொள்வதில்லை.
காதில் போட்டுக்கொள்ள வேண்டியது
எப்போதும் இவர்கள்தான்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
அவள் கையெழுத்துப் போடவில்லை.
ஆனாலும் இறங்கும்போது
பையிலிருந்து அந்த மஞ்சளை எடுத்து நீட்டினாள்,
எப்படி என்று.

நூல் மாதிரி உருட்ட வேண்டும்.
மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து
காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு
உப்பும்வரை விரலை எடுக்கக் கூடாது.
முப்பது எண்ணுங்கள்.

வேன் படியில் நின்று எண்ணுகிறாள்.
இரு காதிலும் விரல்,
கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டவள் போல.
இருபதோ என்னவோ, என்னிடம் ஏதோ கேட்டாள்.
அவள் குரல் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கும்.
எனக்குக் காதில் விழவில்லை.
பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்,
இன்னும், இன்னும்.