அளவு வளையம்

ஆறு மணிக்கு ஒருமுறை கடல் மனம் மாறும்.
நாலு மணிக்கு ஒருமுறை மகளுக்குக் குழாய் வைக்கவேண்டும்.
இந்த இரண்டு கடிகாரங்களும்
ஒருநாள்கூட ஒத்துப்போனதில்லை.
கலீசியாவின் இந்தக் கழிமுகத்தில்
ஒன்பது வருடமாக நான்
பாதி மட்டியை வாரிவிட்டு
மீதியைச் சேற்றிலேயே விட்டுவிட்டு
ஓடுகிறவள்.

ரப்பர் கையுறை வாசலோடு சரி.
ரப்பர் பட்டால் அந்தியாவுக்குத் தோல் தடிக்கும்,
மூச்சு இழுக்கும்.
எங்கள் வீட்டுப் பிறந்தநாளில் பலூன் கிடையாது.
யாருக்கோ துக்கம் காக்கிறோம் என்று
மாடிவீட்டுக்காரர் வெகுநாள் நினைத்திருந்தார்.

பத்தொன்பதாம் வாரம்
மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பவில்லை.
அதிலேயே தெரிந்துவிட்டது.
முதுகில் மூடாத ஓர் இடம் என்றார்.
தண்டுவடம் என்ற சொல்லை
பருப்புச் சோறுபோல் மசித்து மசித்துத் தந்தார்.
யோசிக்க மூன்று நாள்.
அழைக்க ஒரு எண்.
எலோய் வண்டியைக் கிளப்பவேயில்லை,
நிறுத்துமிடத்தில் கட்டணம் ஏறிக்கொண்டிருந்தது.

தைரியசாலி என்கிறார்கள் என்னை.
தேவாலயத்தில் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.
மூன்றாம் நாள் அந்த எண்ணை நான் அழைத்தேன்
என்பது அவர்களுக்குத் தெரியாது.
ஒரு பெண் குரல், நல்ல குரல்,
எந்த நேரம் வசதிப்படும் என்று கேட்டது.
வற்றுக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்னும் சொல்லவில்லை.

தொசிந்தா சொன்னாள்.
எனக்கு இரண்டு குளிர்காலம் முன்னால்
அதே நடைபாதை, அதே நாற்காலி,
அவள் நேரம் சொன்னாள், போனாள், திரும்பி வந்தாள்.
இதை என்னிடம் சொன்னது நாலாவது வருடத்தில்,
வாரியிலிருந்து தலையைத் தூக்காமல்.
"நான் போனேன்."
அவ்வளவுதான்.
நான் என் வாளியை
அவள் வாளிக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.
வேறென்ன செய்ய முடியும் சேற்றில்.

நவம்பரில் ஒருநாள் அவள் கடலுக்கு வருவதில்லை.
அந்தியாவின் தலைக்குள் இருக்கும் வால்வு அடைத்துக்கொண்டு
மூன்றாம் முறை திறந்த இரவில்
நான் தொசிந்தாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.
இரண்டையும் நாங்கள் பேசியதில்லை.

இந்த மார்ச்சில் கடல் வெகுதூரம் உள்வாங்கியது.
பள்ளியில் வேலைநிறுத்தம்.
சக்கர நாற்காலி சரிவுப்பாதை முடிகிற இடத்தில்
ஈரத்தைப் பார்த்து நின்றுவிட்டது.
தொசிந்தா ஒன்றும் சொல்லவில்லை.
மட்டி இழுக்கும் நீலத் தொட்டியைக் கவிழ்த்துக் கழுவினாள்,
அந்தியாவை அதில் உட்காரவைத்தாள்,
கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு
நடக்க ஆரம்பித்தாள்.

அளவு பார்க்கும் வேலை அந்தியாவுக்கு.
வளையத்தில் நுழைந்து விழுந்தால் கடலுக்கு,
மாட்டி நின்றால் வாளிக்கு.
"இந்த வளையத்தை யார் செய்தது?"
"அலுவலகத்தில்."
"அவர்களுக்கு மட்டி பிடிக்குமா?"
தொசிந்தா யோசித்தாள்.
"தெரியவில்லை. யாரும் கேட்டதில்லை."
சின்னதுகளை வீசுவதில் அந்தியாவுக்குக் குறி கிடையாது.
பாதி கடலுக்குப் போயின,
பாதி தொசிந்தாவின் முதுகுக்கு.
அவள் திட்டிய திட்டை
இங்கே எழுத முடியாது.
அந்தியா அதை உடனே கற்றுக்கொண்டாள்.

குனிந்தே இருந்ததில் எனக்கு நேரம் போனது தெரியவில்லை.
தொசிந்தாதான் முதலில் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
"குழாய் நேரம்."

எப்போதிலிருந்து அவள்
அந்தக் கடிகாரத்தையும் வைத்திருக்கிறாள்?

கரையில் அந்தியாவின் காலணியைக் கழற்றினோம்.
கிளிஞ்சல் கீறியிருந்தாலும் அவளுக்குத் தெரியாது.
தொசிந்தா இடது கால்,
நான் வலது கால்,
விரல் விரலாக விலக்கி,
மணலைத் துடைத்து,
வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தோம்.

மேலேயிருந்து குரல் வந்தது,
கொஞ்சம் சலிப்போடு:
"ஏதாவது கிடைத்ததா?"