அறுபது அடி

மரக்காய்போ. பேஸ்பால் அரங்கின் உடைமாற்றும் அறை.
இரண்டாம் பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடுபவனை
குந்தியபடியே எறிந்து வீழ்த்துகிற
கேட்சர் யோர்மானுக்கு
பந்தைப் பிட்சரிடம் திருப்பிப் போட வரவில்லை.
வெறும் அறுபது அடி.

கண்ணை மூடு, போய்ச் சேர்வதைப் பார் என்றாள்
மனப்பயிற்சிக்கு வந்த தாயனா.
மூடினான்.
மூடிய கண்ணுக்குள்ளும் பந்து
பிட்சரின் தலைக்கு மேலே போயிற்று.

சரி, போகட்டும். அப்புறம்?

அப்புறம்...
ஷார்ட்ஸ்டாப் மெல்ல நடந்துபோய் எடுத்தான்.
ஒட்டியிருந்த புல்லைத் தட்டினான்.
கூட்டத்தில் எவனோ கடலை உரித்துக்கொண்டிருந்தான்.
யாரும் சாகவில்லை.

இரவு, எட்டாவது இன்னிங்ஸ்.
மூன்று பந்துகள் ஒழுங்காய்ப் போயின.
நான்காவது, தலைக்கு மேல்.

முகமூடிக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு
கூட்டத்தில் தேடுகிறான் யோர்மான்,
கடலை உரிக்கிறவனை.