நூற்று நாற்பதில் நூற்று முப்பத்தாறு

கலந்தாய்வு அன்று பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது:
கணிதம் தமிழ்வழி, ஒன்பது இடம்.
கணிதம் ஆங்கிலவழி, நான்கு.
கணினிப் பயன்பாட்டுடன் கணிதம் என்ற வரிமேல்
ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது.

என் தரவரிசை எண் இருநூற்றுப் பதினேழு.
பகா எண் என்றுதான் நினைத்திருந்தேன்.
கிருஷ்ணகிரி வெயிலில் மூன்று மணி நேரம் நின்றபின்
ஏழால் வகுபட்டது.

மேசைக்காரர் நிமிராமல் கேட்டார்: எது?
பன்னிரண்டு வருடம் தமிழில் கூட்டிக் கழித்தவள்
ஆங்கிலவழி என்றேன்.
ஏன் என்று இன்றுவரை நிறுவவில்லை.

பட்டம் என்பது நூற்று நாற்பது கிரெடிட்.
துணைப்பாடம் இயற்பியலா, புள்ளியியலா?
இயற்பியலுக்கு ரெக்கார்டு நோட்டு, லேப் கட்டணம்.
புள்ளியியலுக்கு ஒரு கால்குலேட்டர் போதும்.
மாங்கூழ் ஆலையில் எடை போடும் மாமா
ஒன்று கொண்டுவந்தார்.
ஏழை மட்டும் நகத்தால் அழுத்த வேண்டும்,
எண்ணைச் சொல்கிறேன்.

நாட்டு நலப்பணிக்கு ஒரு கிரெடிட்.
காவேரிப்பட்டணம் தாண்டி ஏழு நாள் முகாம்,
நாற்பது புங்கன்கன்று நட்டோம்.
எட்டாம் நாள் ஆடு தின்றுவிட்டது.
கிரெடிட் மட்டும் வேர் பிடித்தது.

விருப்பப் பாடத்தில் வானியல் எடுத்தாள் நாகவேணி,
நட்சத்திரம் வரும் என்று நம்பி.
கோளத் திரிகோணமிதிதான் வந்தது.
நான் எடுத்தது கோட்டுருவியல்:
சில புள்ளிகள், அவற்றை இணைக்கும் சில கோடுகள்.
நாளுக்கு இரண்டே முறை டவுன்பஸ் வரும் ஊர்க்காரிக்கு
அது புதிதில்லை.

எல்லாம் தேறியது.
மிச்சம் மெய்ப் பகுப்பாய்வு, நான்கு கிரெடிட்.
எழுபத்தைந்துக்கு முப்பது வேண்டும்.
முதல் முறை பத்தொன்பது.
பிறகு இருபத்து நான்கு.
இருபத்தெட்டு.
போன ஏப்ரலில் இருபத்தொன்பது.

ஏறுமுகத் தொடர்வரிசை, மேலே வரம்பு உண்டு,
ஆகவே ஒருங்கும்.
தூக்கத்தில் எழுப்பினாலும் இந்தத் தேற்றத்தை நிறுவுவேன்.
எதில் ஒருங்கும் என்று அது சொல்வதில்லை.
முழு எண்கள் என்றால் இன்னொன்றும் உண்டு:
ஒருங்குகிற வரிசை ஒரு கட்டத்துக்குப் பிறகு
அதே எண்ணில் நின்றுவிடும்,
அசையாது.
இதை யோசித்த இரவு ஷிஃப்டில்
மூன்று செல்போன் மூடிகளைத் தலைகீழாக மாட்டினேன்.

எடுத்துத் தந்தவன் திம்மராஜ்.
கணினிப் பயன்பாட்டில் கடைசி இடம் அவனுக்குத்தான் போனது.
இப்போது என் லைனில், நாலு மேசை தள்ளி.

லைன் லீடர் விண்ணப்பத்தில் ஒரு கட்டம்:
பட்டதாரியா? ஆம், இல்லை.
நூற்று முப்பத்தாறு என்று எழுத இடமில்லை.

தேர்வுப் பிரிவில் மாதையன் சார்
ரசீது கிழித்துக்கொண்டே சொன்னார்:
"இந்த நவம்பரோட பழைய சிலபஸ் முடிஞ்சுது.
அப்புறம் சமானத் தாள்தான் எழுதணும்."
சமானம் என்றால் தற்சுட்டு, சமச்சீர், கடப்பு,
மூன்றும் இருக்கணும் சார் என்றேன்.
"நூத்தி இருபது, சில்லறையா குடு" என்றார்.

விடிகாலை நாலு நாற்பதுக்குக் கம்பெனி பஸ்.
குருபரப்பள்ளி விளக்குகள் பின்னால் போனதும்
செல்போன் வெளிச்சத்தில் நோட்டைத் திறந்தேன்.
பக்கத்து இருக்கையில் பூல்மணி,
ஜார்க்கண்டிலிருந்து வந்து பத்து மாதம்,
தமிழை இந்த பஸ்ஸிலேயே கற்றவள்.
எப்சிலான்மேல் விரல் வைத்து
"மூணு திரும்பி நிக்குது" என்றாள்.

ஆமாம்.
எவ்வளவு சின்னதாக வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்,
சுழி மட்டும் ஆகக் கூடாது.

"அவ்ளோதானா?"

அதன்பிறகு டெல்டா என்று ஒன்று இருக்கிறது
என்று ஆரம்பிப்பதற்குள்
சூளகிரி மலை இருட்டிலேயே கடந்துபோனது.
எல்லோரும் அடையாள அட்டையைத் தேடத் தொடங்கினார்கள்.