உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்

எனக்கு இரண்டு தொலைபேசிகள்.
சாம்பல் நிறத்தது வேலைக்கு. அதில் படம் இல்லை,
பாட்டு இல்லை, என் முகமும் இல்லை.
மற்றதில் நான் இருக்கிறேன்:
தங்கையின் கல்யாணம், எரிந்துபோன ரொட்டி,
முதல் பனியில் வழுக்கி விழுந்த காணொளி.

இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள் என்பார்
ஃப்ராவ் எக்கென்ஷ்வீலர்.
மொழிபெயர்ப்பவருக்கு வாய் மட்டும்தான்,
அதுவும் வாடகைக்கு என்று அவர் சொன்னபோது
சிரித்தேன்.
இது ஓல்டன். எந்த ரயிலும் இங்கே வந்து முட்டித்தான் திரும்பும்.
இந்த ஊரில்
யாரை யாரிடமிருந்து பிரித்து வைப்பது?

மூன்றாம் மாடி, மருத்துவர் அறை.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்னவேண்டும்.
'அவர் சொல்கிறார்' என்று தள்ளி நிற்கக்கூடாது.
அதுதான் முறை.
அன்று நாற்பது நிமிடம்
எனக்கு ஒரு நோய் இருந்தது.
எத்தனை மாதம் என்று நான் கேட்டேன்.
பதிலையும் நானே தமிழில் சொன்னேன்.
பிறகு, கல்யாணமே ஆகாத நான்
'என் மனைவிக்குத் தெரியவேண்டாம்' என்றேன்
சுத்தமான ஜெர்மனில்,
எங்கள் மொழியில் போலவே
வினைச்சொல் கடைசியில் வந்து விழ.

அவர் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
நோயின் பெயரையும் கேட்காதீர்கள்.

பிழை என்னுடையது.
அடுத்த சந்திப்பன்று ரயில் பதினொரு நிமிடம் பிந்தியது,
சாம்பல் தொலைபேசி சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது,
மற்றதில் எடுத்தேன்.
'வந்துகொண்டிருக்கிறேன்.'
ஏழு விநாடி.
அது போதுமாம்.
அன்றிரவே கண்ணாடிக்குள் அவர் முகம்:
உங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியவர்.
தெரிந்திருக்கக்கூடியவரா?
நான் அவராகவே இருந்திருக்கிறேன், மடப் பெட்டியே.
கீழே பொடி எழுத்தில்:
பொது நண்பர்கள் பத்தொன்பது பேர்.

விரலால் தள்ளிவிட்டேன். போனார்.
வெள்ளிக்கிழமை அவர் மனைவி வந்தாள்,
நட்புக் கோரிக்கையாக.
ஏற்க ஒரு பொத்தான், நீக்க ஒரு பொத்தான்.
மூன்றாவதாக ஒன்றை யாருக்கும் செய்யத் தோன்றவில்லை.
அவள் பக்கம் பூட்டில்லாத வீடு.
பதினெட்டாவது மணநாள் படம்.
அவர் சட்டைக் கழுத்தில்
இரண்டு விரல் நுழையும் இடைவெளி.
'அண்ணா நல்லா மெலிஞ்சிட்டார், என்ன டயட்?' என்று யாரோ.
'ஜிம்' என்று அவள்,
கண்ணடிக்கும் பொம்மை ஒன்றையும் சேர்த்து.
நாற்பத்தாறு இதயங்கள்.
என் பெருவிரல்
கண்ணாடிக்கு ஒரு நூலிடை மேலே நின்றது,
நின்றபடியே விறைத்தது.

சனிக்கிழமை தமிழ்க் கடை.
'அக்கா, ரிக்வெஸ்ட் போட்டனான், காணேல்லையோ?'
கோயிலில் இரண்டு தரம் கண்ட பழக்கம், அவ்வளவுதான்.
'அதுக்குள்ள நான் போறதே குறைவு.'
நேரம் பார்த்துப் பைக்குள் அது அதிர்ந்தது.
எதுவென்று தெரியவில்லை,
இரண்டும் அங்கேதான் கிடந்தன.

அரிசிப் பையைச் சுமந்தபடி
அவர் வந்தார். என்னைப் பார்த்தார்.
'க்ரூட்ஸி' என்றார்.
முருங்கைக்காய்ப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று
நானும் சொன்னேன், 'க்ரூட்ஸி.'
'அய்யோ, இவ தமிழப்பா!'
அவள் சிரித்த சிரிப்பில் கல்லாக்காரரும் திரும்பினார்.

சிரிப்பு முடியும் முன்னே அவள்
பையை அவர் கையிலிருந்து வாங்கினாள்.
'அஞ்சு கிலோ. இதுக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?'
கேள்வி அவருக்கு.
பார்த்தது ஏனோ என்னை.

அவர் வாய் திறந்தார், மூடினார்.
அந்த வாக்கியம் 'நான்' என்று தொடங்கும்.
எனக்கு அது மனப்பாடம்,
இரண்டு மொழியிலும்.

நான்கு முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு
காசு கட்டப் போனேன்.